பெரிய குடும்பம், ஒரே அடுப்பு: வீட்டு வேலை யார் தலையில்?

(பெற்றோரும் இளைஞர்களும் கலந்துகொண்ட குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே தரப்படுகிறது.)



இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க, விறகு பொறுக்க, பிள்ளைகளுக்குத் தலை பார்க்க என்று வாரத்தில் உங்களுக்குக் கிடைக்கிறது இந்த ஒரு நாள்தான். அதையும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருவோம்.

நாம் பேச எடுத்துக்கொண்டது பெரிய குடும்பத்தின் அன்றாட வாழ்க்கை. "இதுல பேச என்ன இருக்கு, நாங்க தினமும் படுற பாடுதானே"ன்னு நினைப்பீங்க. தினமும் படுகிற பாட்டைத்தான் நாம் ஒருநாளும் உட்கார்ந்து பேசுவதில்லை.

எங்களுடையது தாத்தா காலத்தில் மலையிலிருந்து இறங்கிக் கொழும்புக்குப் போன குடும்பம். கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். ஒரு கூரையின் கீழ் 11 பேர்: அப்பாயி, அப்பா, அம்மா, அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்களின் மனைவிமார், நாலு பிள்ளைகள். இரண்டு அறை, ஒரு நடு வீடு, ஒரு குசினி. கொழும்பிலும் 'தோட்டம்' உண்டு, தெரியுமா? தேயிலை இல்லாத தோட்டம். நெருக்கமாகச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளைத் தோட்டம் என்றும் முடுக்கு என்றும் அங்கே சொல்வார்கள். லயத்தில் பிறந்தவருக்கு அது புதுசு இல்லை. பக்கத்துக் காம்பராவில் இருமினால் நம் காம்பராவில் கேட்கும் என்பது இரண்டு இடத்துக்கும் பொது.

ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை?

கொழும்பில் இருக்கிறவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். ஒரு நாளைச் சொல்கிறோம், கேளுங்கள்.

விடியற்காலை நாலு, நாலரைக்கு ஒருவர் எழும்புகிறார். குழாயில் தண்ணீர் நன்றாக வரும்போதே வாளிகளை நிரப்ப வேண்டும். ஐந்து மணிக்கு அடுப்பு. காலைக்கு ரொட்டியோ இடியப்பமோ, ஒரு சம்பல். கூடவே மத்தியானச் சோறும் கறியும் அப்போதே ஆக வேண்டும், ஏனென்றால் ஏழு பேருக்குச் சோற்றுப் பார்சல் கட்ட வேண்டும். ஐந்தரையிலிருந்து குளியலறை வாசலில் வரிசை. "சீக்கிரம் வா, வேன் வந்துரும்"னு ஒரு சத்தம். "என் ஒரு சப்பாத்தக் காணோம்"னு இன்னொரு சத்தம். ஆறரைக்குப் பள்ளிக்கூட வேன். ஏழு மணிக்குள் வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பியாக வேண்டும். காலி வீதியானாலும் ஜம்பட்டா வீதியானாலும் அதற்குப் பிறகு பஸ் நகராது.

எல்லோரும் போன பிறகு வீட்டில் நிற்பவருக்குத்தான் மிச்ச வேலை. 11 பேர், மூன்று வேளை. ஒரு நாளைக்கு 33 சாப்பாட்டுக் கோப்பை. இரண்டு தரம் தேத்தண்ணி என்றால் 22 தேத்தண்ணிக் கோப்பை. ஆகமொத்தம் 55. சட்டி பானை தனி. மாதத்துக்கு 1,650 கோப்பைகளைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு சோடி உடுப்பு என்றாலும் வாரத்துக்கு 77 சோடி துவைக்க வேண்டும்.

இது சும்மா நாள் கணக்கு. ஜூன் 13ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் வந்தால், ஆடியில் வேல் விழா வந்தால், மலைநாட்டிலிருந்து சொந்தக்காரர் வருவார்கள். வந்தவரை வெளியில் தங்கச் சொல்ல முடியுமா? 11 பேர் 20 பேராகும். ராத்திரியில் பாய் விரித்தால் கால் வைக்க இடம் இருக்காது. அதிலும் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு யாரோ ஒருவர் விடிய முன்னர் எழும்ப வேண்டியிருக்கிறது.

மலையில் நீங்கள் எடுக்கிற கொழுந்துக்குத் தராசு இருக்கிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர் என்பார்கள். கூடினால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. வீட்டு வேலைக்குத் தராசு கிடையாது. நிறுக்காத வேலையை வேலை என்று யாரும் சொல்வதில்லை. "அவ வீட்டுல சும்மாதான் இருக்கா" என்று சொல்கிற வாய் நம் எல்லார் வீட்டிலும் உண்டு.

லயத்திலும் அதே கதை

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவும் ஒரு இஸ்தோப்பும். அதிலே ஆறேழு பேர். சில குடும்பங்களுக்கு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைத்திருக்கிறது. பல குடும்பங்கள் இன்னும் லயத்தில்தான்.

அம்மா நாலு மணிக்கு எழும்புகிறார். பீலியில் தண்ணி, அடுப்பில் ரொட்டி, சின்னப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓட்டம். பின்னேரம் அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு, வழியில் ஒரு கட்டு விறகையும் தலையில் வைத்துக்கொண்டு வந்து, திரும்பவும் அடுப்படி. கவ்வாத்துக்கும் முள்ளுக் குத்தவும் போகிற ஆண்கள் அனேகமாக மத்தியானத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஆம்பளைங்க கோவிச்சுக்காதீங்க. அந்த வேலை லேசு என்று நாங்கள் சொல்ல வரவில்லை, இடுப்பொடிகிற வேலை. ஆனால் வந்தவர் கை கால் கழுவி உட்காருகிறார், வந்தவள் கை கால் கழுவி அடுப்பு மூட்டுகிறாள். இதைத்தான் யோசிக்கச் சொல்கிறோம்.

அம்மா வரும்வரை வீட்டைப் பார்ப்பது யார்? மூத்த பொம்பளைப் பிள்ளை. பத்துப் பன்னிரண்டு வயதிலேயே தம்பிக்குச் சோறு ஊட்டுவாள், தண்ணி தூக்குவாள், ரொட்டிக்கு மாவு பிசைவாள். "எம்புள்ள ரொம்பப் பொறுப்பு"ன்னு நாமும் பெருமையாகச் சொல்வோம். முதலில் வாரத்தில் ஒரு நாள் பாடசாலைக்குப் போகமாட்டாள். பிறகு இரண்டு நாள். பிறகு சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னமே புத்தகப் பை ஆணியில் தொங்கும். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. வேலை அவளை நிற்க வைத்துவிட்டது.

அந்தப் பிள்ளைதான் கொழும்புக்குப் போகிறது

பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைதான் ஒரு நாள் கொழும்புக்குப் போகிறது. தரகர் ஒருவர் வருவார். "நல்ல வீடு, சொந்தப் புள்ள மாதிரி வச்சுக்குவாங்க, மாசா மாசம் காசு வரும்" என்பார். ஆம்பளைப் பிள்ளையானால் புறக்கோட்டைக் கடைக்கு. பொம்பளைப் பிள்ளையானால் வீட்டு வேலைக்கு.

வெள்ளவத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அங்கே ஒரு வீட்டில் மூன்று நாலு குடும்பம் இருந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் கொழும்புத் தமிழர் பலர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். பிறகு யுத்தம் காரணமாக வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சொந்தக்காரர் வீடுகளிலும் விடுதிகளிலும் ஒண்டினார்கள். பாஸ்போட்டுக்கு வந்தவர், வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டுக்குக் காத்திருந்தவர் எல்லோருக்கும் ஒரே அடுப்பில் சோறு. இன்றைக்கு அந்தப் பழைய வீடுகள் பல இடிபட்டு மாடிவீடுகள் ஆகிவிட்டன. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் லண்டனிலும் டொரொண்டோவிலும். வீட்டில் வயதான அப்பாவும் அம்மாவும் மட்டும். அவர்களைத் தூக்கிவிட, மருந்து கொடுக்க, சமைக்க யாராவது வேண்டும். அந்த வீட்டில் ஆள் நிறைந்திருந்த காலத்திலும் நம் மலைநாட்டுப் பிள்ளைதான் முதலில் எழும்பினது. ஆள் குறைந்த காலத்திலும் நம் பிள்ளைதான் முதலில் எழும்புகிறது.

எல்லா வீட்டுக்காரரும் கெட்டவர் இல்லை. வேலைக்கு வந்த பிள்ளையைப் படிக்கவைத்துக் கலியாணமும் செய்துவைத்த வீடுகளை எங்களுக்குத் தெரியும். ஆனால் நல்லவரா கெட்டவரா என்பதை அதிர்ஷ்டத்துக்கு விடலாமா? 2021 ஜூலையில் டயகம பக்கத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் இறந்தது. மலைநாடு முழுக்கத் தெருவில் இறங்கி நியாயம் கேட்டது. இரண்டு வாரம் கேட்டோம். பிறகு தரகர் மறுபடி வேறு லயத்துக்கு வந்தார்.

ஆகவே சட்டத்தை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். 16 வயது வரை பிள்ளை பாடசாலைக்குப் போவது கட்டாயம். வேலைக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதும் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு 14இலிருந்து 16 ஆகிவிட்டது. வீட்டு வேலைக்கோ, 18 ஆகாத பிள்ளையை அனுப்புவதே இல்லை என்று நாமாகவே ஒரு முடிவு எடுப்போம். பிள்ளைக்கு எங்காவது அநியாயம் நடக்கிறது என்று தெரிந்தால் 1929க்கு அழைக்கலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது.

வளர்ந்த பிள்ளை போவதானால்

18 தாண்டிய பிள்ளை வேலைக்குப் போகத்தான் செய்யும். போகக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் தாத்தா போனதால்தான் நாங்கள் இங்கே நின்று பேசுகிறோம். ஆனால் சில காரியங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, வீட்டு வேலையைவிடக் கடையோ கந்தோரோ மேல். ஏனென்றால் 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் அங்கே பொருந்தும். நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம், வாரத்தில் ஒன்றரை நாள் லீவு. வீட்டு வேலைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே காலை எது, ராத்திரி எது என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

இரண்டாவது, நியமனக் கடிதம் கேளுங்கள். ஈ.பி.எஃப். பணம் கட்டுகிறார்களா என்று கேளுங்கள். தோட்டத்தில் உங்களுக்குப் பிடிக்கிற அதே பணம்தான். சம்பளம் 30,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் சம்பளத்தில் 8 சதவீதம், 2,400 ரூபா. முதலாளி போட வேண்டியது 12 சதவீதம், 3,600 ரூபா. ஈ.டி.எஃப்.க்கு அவர் கையால் இன்னும் 3 சதவீதம், 900 ரூபா. மாதம் 6,900 ரூபா பிள்ளையின் பேரில் சேர வேண்டும். "கையில கூடத் தாறோம், அதெல்லாம் எதுக்கு"ன்னு முதலாளி சொன்னால், வருஷத்துக்கு 82,800 ரூபாவை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார் என்று அர்த்தம்.

மூன்றாவது, விலாசமும் தொலைபேசி இலக்கமும் வீட்டில் எழுதி இருக்கட்டும். பிள்ளை போன பிறகு ஒரு தரமாவது பெற்றோரில் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். பிள்ளையின் கையில் ஃபோன் இருக்க வேண்டும். அதை வாங்கி வைக்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

நாலாவது, பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும். இது சின்ன விஷயம் இல்லை. யுத்த காலத்தில் கொழும்பில் தமிழர் வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்து வைக்க வேண்டியிருந்தது. சொந்தக்காரப் பிள்ளை இரண்டு நாள் தங்க வந்தாலும் பெரிய குடும்பத்தில் முதல் கேள்வி "ஐ.சி. இருக்கா?" என்பதுதான். 2007 ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டே அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அந்தக் காலம் போய்விட்டது என்று கடதாசியை அலட்சியமாக விடாதீர்கள். கடதாசி இல்லாததால் பட்ட பாடு நம் சனத்துக்குப் புதுசா? 1948இல் பிரஜாவுரிமை போனது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அண்ணன் நீலகிரியில், தங்கச்சி ஹட்டனில் என்று எத்தனை பெரிய குடும்பங்கள் பிரிந்தன! மிச்சம் இருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் ஒரு முடிவு வந்தது. பிள்ளை பிறந்தால் பதிவதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

வீட்டுக்குள்ளே செய்யக்கூடியது

சரி, வெளி விஷயம் இருக்கட்டும். வீட்டுக்குள்ளே என்ன செய்யலாம்? எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறோம். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குசினிச் சுவரில் ஒரு கலண்டர் தொங்குகிறது. அதன் பின்பக்கத்தில் வேலைகளை எழுதியிருக்கிறோம். தண்ணி, கூட்டுதல், கோப்பை கழுவுதல், துணி, சந்தை, பிள்ளைகளின் பாடம். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பேர். வாரத்துக்கு ஒரு தரம் பேர் மாறும். சாப்பிட்ட கோப்பையை அவரவர் கழுவ வேண்டும், அது அப்பாவுக்கும் சேர்த்துத்தான். அந்த ஒரு சட்டத்தாலேயே ஒருவர் தலையில் இருந்த 55 கோப்பை அவரவருக்கு ஐந்தாகப் பிரிந்தது. முதலில் அப்பாயிதான் எதிர்த்தார். "ஆம்பள கோப்ப கழுவுனா வீடு வெளங்குமா"ன்னு கேட்டார். அப்பா ஒன்றும் பேசாமல் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். அப்பாயிக்கும் பிறகு பழகிவிட்டது.

2022இல் கொழும்பில் காஸ் கிடைக்காமல் வரிசையில் நின்ற நாட்களில் இந்த ஏற்பாடுதான் கைகொடுத்தது. மாடிவீடுகளில் விறகடுப்பு மூட்ட வழியில்லாமல் திண்டாடினார்கள். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். வீட்டில் ஒருவர் மட்டும் சமைக்கத் தெரிந்தவராக இருந்திருந்தால், அவர் காஸ் வரிசையில் நிற்கும்போது மற்றவர் பட்டினிதான். எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் மண்ணெண்ணெய் அடுப்பில் பருப்பு அவித்தார்கள். கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. சாப்பிட்டோம்.

இரண்டாவது, பின்னேரம் ஆறரையிலிருந்து எட்டு மணி வரை நடு வீட்டில் டீவி இல்லை. நாலு பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கும். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளையையும் "தேத்தண்ணி ஊத்து", "கடைக்கு ஓடு" என்று யாரும் ஏவக் கூடாது. தனி அறை இல்லாவிட்டாலும் தனி நேரம் கொடுக்கலாம். லயத்துக் காம்பராவிலும் இது முடியும். அடுத்த காம்பராக்காரரும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

மூன்றாவது, சம்பளத்துக்கு அடுத்த நாள் எல்லோரும் உட்கார்ந்து ஒரு கொப்பியில் வரவு செலவை எழுதுகிறோம். அரிசி, கரண்ட் பில், வேன் காசு, சீட்டுக் காசு, மருந்து. தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா ஆனது, 2024இல் அடிப்படை 1,350 ஆனது. ஆனால் கூடின காசு எங்கே போனது என்று கேட்டால் பல வீட்டில் பதில் இல்லை. எழுதினால் தெரியும். சாராயக் கடைக்குப் போனதும் அதில் தெரியும். வாயால் சொன்னால் சண்டை வருகிற விஷயம், கொப்பியில் இருந்தால் கொஞ்சம் அமைதியாகப் பேசலாம்.

நாலாவது, எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவது. ஒரு நாளில் ஒரு வேளையாவது. கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவர் எப்போதும் அம்மாவாக இருக்கக் கூடாது. மீன் துண்டு எட்டுத்தான் இருக்கிறது, ஆள் 11 என்றால், இல்லாததை எல்லோரும் பகிர வேண்டும். கொழுந்துக் கூடை சுமக்கிற பெண்ணுக்கும், வயிற்றில் பிள்ளை இருக்கிற பெண்ணுக்கும் முதல் துண்டு.

பெரியவர்களே, பெரிய குடும்பம் ஒரு பலம்தான். வருத்தம் வந்தால் கஞ்சி வைக்க ஒரு கை இருக்கும். செத்த வீடானாலும் கலியாண வீடானாலும் தனியாக நிற்க மாட்டோம். ஆனால் பத்துப் பேரின் பலம் ஒருவரின் முதுகில் ஏறி உட்காரக் கூடாது. அந்த ஒருவர் பெரும்பாலும் ஒரு தாயாகவோ, பேசத் தெரியாத மூத்த மகளாகவோ இருக்கிறார்.

ஒரேயொரு காரியம் மட்டும் கேட்கிறோம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும், உங்கள் மூத்த மகள் காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன வேலை செய்கிறாள் என்று விரல் விட்டு எண்ணுங்கள். அதில் இரண்டு வேலையை எடுத்து வேறு இரண்டு பேருக்குக் கொடுங்கள். ஒன்றை அண்ணனுக்கு, ஒன்றை அப்பாவுக்கு. நாளைக்குத் திங்கட்கிழமை. பாடசாலை மணி அடிக்கும்போது அவள் வகுப்பில் இருக்கட்டும்.